வேலைக்குப் போகிறவருக்கே ஹெல்த் இன்சூரன்ஸ் இல்லை, இந்த அமெரிக்காவில் இது எப்படி?

டல்லாஸ்குருவி:
எல்லாருக்கும் வணக்கம். டல்லாஸ் பக்கம் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடுகிற ஓட்டலில் போன சனிக்கிழமை தோசை மாஸ்டரின் கையைப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் எண்ணெய் பட்ட கொப்புளம். அதன் மேல் பற்பசையைத் தடவி, பார்சல் கட்டுகிற பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு தோசை வார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் போகவில்லையா அண்ணே என்று கேட்டேன். "இன்சூரன்ஸ் கிடையாது தம்பி, போனா ரெண்டு மாசச் சம்பளம் காலி" என்றார், ஏதோ பஸ் வரவில்லை என்று சொல்கிற மாதிரி.

மனுஷன் வாரத்தில் ஆறு நாள் நிற்கிறார். இங்கே இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் என்றால் வேலை இல்லாதவர்கள் என்றுதான் ஒன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சம்பளத்தில் ஏதோ பிடிக்கிறார்கள், இன்சூரன்ஸ் கார்டு வருகிறது, அதற்கு மேல் யோசித்ததே இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், உண்மையில் யாருக்குத்தான் இல்லை?

கணக்குப்பிள்ளை:
நல்ல கேள்வி, ஆனால் ஒன்பது வருஷம் லேட்.

சென்சஸ் கணக்குப்படி 2023-இல் வருஷம் முழுக்க எந்தக் காப்பீடும் இல்லாமல் இருந்தவர்கள் சுமார் 2.6 கோடி பேர், மக்கள்தொகையில் 8 சதவீதம். 65 வயது தாண்டியவர்களுக்கு மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு இருக்கிறது. ஏழை வீட்டுக் குழந்தைகளுக்கு, ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டோ, 1997-இல் வந்த குழந்தைகள் திட்டமோ இருக்கிறது. ஆக மிச்சம் நிற்பது 19 முதல் 64 வரை, அதாவது உழைக்கிற வயசு. 65-க்குக் கீழே காப்பீடு இல்லாதவர்களில் ஏறக்குறைய நாலில் மூணு பேர், வீட்டில் ஒருவராவது முழுநேர வேலை பார்க்கிற குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். உங்கள் தோசை மாஸ்டர் விதிவிலக்கு இல்லை, அவர்தான் விதி.

மாநிலத்துக்கு மாநிலமும் மாறும். அதே 2023-இல் மாசசூசெட்ஸில் 2.6 சதவீதம் பேருக்கு இல்லை, உங்கள் டெக்சாஸில் 16.4. நாட்டிலேயே மோசம் நீங்கள்தான்.

இன்னொன்று. தீக்காயம் வேலையில் பட்டது என்றால் அது தொழிலாளர் இழப்பீட்டில் வரவேண்டும், ஹெல்த் இன்சூரன்ஸே தேவையில்லை. ஆனால் தனியார் முதலாளி அந்த இழப்பீட்டுக் காப்பீட்டை எடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் டெக்சாஸில் இல்லை. அந்த ஓட்டல்காரர் எடுத்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

கறார்பேர்வழி:
அனுதாபம் எல்லாம் சரி. ஆனால் நானும் இங்கே கையில் ஒன்றுமில்லாமல் வந்தவன்தான். ராத்திரி படித்து சர்ட்டிஃபிகேட் வாங்கி நல்ல கம்பெனிக்குப் போனேன், இன்சூரன்ஸ் தானாக வந்தது. ஒபாமா கேர் என்று ஒன்று 2010-இலிருந்து இருக்கிறதே, அதில் யார் வேண்டுமானாலும் பிளான் வாங்கலாம். ஆயிரம் டாலர் போன் வைத்திருக்கிறார்கள், பிரீமியம் மட்டும் கட்ட முடியாதா? எல்லாத்துக்கும் அமைப்பைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்.

மளிகைக்கடை:
கறார் சார், எல்லாரும் படித்து நல்ல கம்பெனிக்குப் போய்விட்டால் உங்களுக்கு இட்லி மாவு யார் அரைப்பது?

நான் முதலாளி பக்கத்திலிருந்து சொல்கிறேன். கடையில் ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். முழுநேரக் கணக்கில் 50 பேருக்குக் கீழே இருந்தால் இன்சூரன்ஸ் தரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இருந்தாலும் மனசு கேட்காமல் இரண்டு தடவை ஏஜென்ட்டைக் கூப்பிட்டு விலை கேட்டேன். 2024-இல் கம்பெனி வழி இன்சூரன்ஸின் சராசரி ஆண்டு பிரீமியம் ஒரு ஆளுக்கு 8,951 டாலர், குடும்பத்துக்கு 25,572 டாலர். பெரிய கம்பெனியில் இது ஆயிரக்கணக்கான பேர் தலையில் பரவிப் போகும். என்னிடம் ஆறே பேர். கறிவேப்பிலையும் அப்பளமும் விற்று இதை எங்கே எடுப்பது?

வேடிக்கை என்னவென்றால் என் கடையில் எனக்கே கிடையாது. மனைவி பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். அவள் கார்டில்தான் நானும் இரண்டு பிள்ளைகளும் ஓடுகிறோம். அவளுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. கடையைப் பார்த்துக்கொள்ள வருகிறேன் என்று நாலு வருஷமாகச் சொல்கிறாள், நான்தான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன். சம்பளத்துக்காக இல்லை, அந்தக் கார்டுக்காக.

அரைநாள்வேலை:
மளிகைக்கடை அண்ணா சொன்னது சின்ன கடைக் கதை. நான் பெரிய கடைக் கதை சொல்கிறேன், ஆயிரம் கிளை வைத்திருக்கிற ஒரு சங்கிலிக்கடை. பேர் வேண்டாம்.

சட்டத்தில் வாரம் 30 மணி நேரம் என்றால் முழுநேரம். எங்கள் ஓய்வறையில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒவ்வொரு வியாழனும் ஷெட்யூல் ஒட்டுவார்கள். என் பேருக்கு நேரே கடைசிக் கட்டத்தில் 28.5, 29, 27.75, 29. இரண்டு வருஷத்தில் ஒரு வாரம்கூட 30-ஐத் தொட்டதில்லை. பண்டிகைக் காலத்தில் ஆள் பற்றாமல் தவிக்கும்போதும், புதுசாக இன்னொரு பகுதிநேர ஆளைக் கொண்டுவருவார்களே தவிர எனக்கு ஒரு மணி நேரம் கூட்ட மாட்டார்கள். ஒரு நாள் வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது மேனேஜர் வந்து "நீ கிளம்பு, உன் மணி முடிந்துவிட்டது" என்றார். கையில் ஒரு அம்மாவின் பால் டப்பா, ஸ்கேன் பண்ணியும் பண்ணாமலும். அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

அதனால் கறார் அண்ணா, நான் வேலைக்குப் போகாதவள் இல்லை. இந்தக் கடையில் 29, சாயங்காலம் ஒரு டே கேரில் 15. மொத்தம் 44 மணி நேரம், இரண்டு முதலாளி, அவர்கள் தருகிற இன்சூரன்ஸ் பூஜ்யம். இரண்டு இடத்து மணியையும் கூட்டிக் கணக்குப் பார்க்கிற சட்டம் கிடையாது.

பழையபேப்பர்:
ஹவாயில் மட்டும் 1974-லேயே வேறு சட்டம் போட்டுவிட்டார்கள். அங்கே வாரம் 20 மணி நேரம் தொடர்ந்து வேலை பார்த்தால் முதலாளி காப்பீடு தந்தாக வேண்டும். அதற்கு அங்கே 19 மணி நேர வேலை என்று ஒரு ஜாதி முளைத்தது என்பது வேறு கதை. கோடு எங்கே போட்டாலும் அதற்கு ஒரு முழம் முன்னாடி ஆளை நிறுத்துகிற வித்தை முதலாளிகளுக்குத் தெரியும்.

டல்லாஸ்குருவி கேட்டதற்கு அடிப்படைக்கே போகலாம். நோய்க்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம், ஏன் இன்சூரன்ஸ் நாம் வேலை பார்க்கிற கம்பெனி வழியாக வருகிறது? இதை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்யவில்லை. இரண்டாம் உலகப் போர், ஆள் பஞ்சம், விலைவாசி ஏறுகிறது. 1942-இல் சம்பளத்தை உயர்த்தக் கூடாது என்று அரசாங்கம் பூட்டுப் போட்டது. ஆனால் இன்சூரன்ஸ் போன்ற சலுகைகள் அந்தப் பூட்டுக்குள் வரவில்லை. சம்பளத்தைக் கூட்டி ஆள் இழுக்க முடியாத தொழிற்சாலைகள், மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்கிறோம் வா என்று இழுக்க ஆரம்பித்தன. போர் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. 1954 வரிச் சட்டம் அதை நிரந்தரமாக்கிவிட்டது: முதலாளி கட்டுகிற பிரீமியம் தொழிலாளியின் வருமானமாகக் கணக்கில் வராது. நூறு டாலரைச் சம்பளமாகக் கொடுத்தால் வரி போக எழுபதோ எண்பதோ கையில் வரும், இன்சூரன்ஸாகக் கொடுத்தால் நூறும் நூறாக வரும். யார் விடுவார்கள்?

இந்த வரிச்சலுகை அதிகம் சேர்வது அதிகச் சம்பளக்காரருக்குத்தான். கறார்பேர்வழி அவர்களே, 'தானாக வந்தது' என்றீர்களே, அதில் பாதி தோசை மாஸ்டர் கட்டுகிற வரி.

கறார்பேர்வழி:
பாதியெல்லாம் ஓவர். அவர் கட்டுகிற வரிக்கு எங்கள் தெருவில் ஒரு விளக்குகூட எரியாது. ஆனால் 1942 கதை எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் யாரும் இங்கே சாக விடப்படுவதில்லை. எமர்ஜென்சிக்குப் போனால் காசு இருக்கிறதோ இல்லையோ பார்த்தே ஆகவேண்டும், அது சட்டம்.

ராத்திரிஷிஃப்ட்:
எமர்ஜென்சி வார்டு நர்ஸ் பேசுகிறேன். அந்தச் சட்டம் 1986-இல் வந்தது. அது சொல்வது இரண்டே விஷயம்: வருகிறவரைப் பரிசோதிக்கவேண்டும், உயிருக்கு ஆபத்து இருந்தால் நிலைமையைச் சீராக்கவேண்டும். இலவசம் என்று எங்கேயும் சொல்லவில்லை, பில் பின்னாலேயே வரும். மாரடைப்புக்குப் பார்ப்போம், அதற்கு முந்தின பத்து வருஷத்து பிரஷர் மாத்திரைக்குப் பார்க்க மாட்டோம். மார்பில் கட்டி என்று வந்தால் ஸ்கேன் எடுத்து, சிறப்பு மருத்துவரைப் போய்ப் பாருங்கள் என்று தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புவோம். அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, யாரிடம் போவது என்று கேட்காமலே எழுந்து போகிறவர்களை வாரத்துக்கு நாலு பேர் பார்க்கிறேன். கீமோதெரபி எமர்ஜென்சியில் கொடுக்க முடியாது சார்.

புதுவரவு:
மன்னிக்கவும், இடையில் ஒரு சந்தேகம். அப்பா அம்மா ஜனவரியில் ஆறு மாசம் வருகிறார்கள், அவர்களுக்கு எந்தப் பிளான் எடுக்கலாம்?

கணக்குப்பிள்ளை:
அதற்குத் தனி இழை இருக்கிறது, பதினாலு பக்கம் ஓடியிருக்கிறது. இங்கே ஆரம்பித்தால் நாளைக்கும் முடியாது.

அறுபதுநாள்:
எனக்கு மார்ச்சில் வேலை போனது. காலை 9:10-க்கு ஒரு வீடியோ அழைப்பு, 9:25-க்கு லேப்டாப் பூட்டிக்கொண்டது. எச்1பி வேலை விசா என்பதால் 60 நாளுக்குள் வேறு கம்பெனி மனுப் போடவேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்டவேண்டும். எல்லாரும் விசாவைப் பற்றித்தான் கேட்டார்கள், நானும் அதைத்தான் நினைத்தேன். இன்சூரன்ஸ் மாசக் கடைசி வரை இருக்கும் என்று ஒரு நினைப்பு. சில கம்பெனியில் அப்படித்தான், எங்கள் கம்பெனியில் வேலையின் கடைசி நாள் ராத்திரியோடு சரி.

மகளுக்கு ஆஸ்துமா. அடுத்த வெள்ளிக்கிழமை மருந்துக்கடையில் இன்ஹேலர் வாங்கப் போனால் கவுண்டரில் இருந்த பெண் மூணு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வேறு கார்டு இருக்கிறதா" என்றாள். பின்னாடி ஐந்து பேர் வரிசை. மகள் என் முகத்தையே பார்க்கிறாள். முழு விலை கொடுத்து வாங்கினேன்.

ஐந்து வாரம் கழித்து, கோப்ரா என்கிற சட்டப்படியான கடிதம் ஒரு கவரில் வந்தது. தெரியாதவர்களுக்கு: 20 பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனியிலிருந்து வெளியே வந்தால் அதே பிளானைப் பொதுவாக 18 மாசம் தொடரலாம், ஆனால் கம்பெனி கட்டிய பங்கையும் நீங்களே கட்டவேண்டும், மேலே நிர்வாகச் செலவு என்று 2 சதவீதம். மொத்தம் 102. சம்பளத்தில் மாசம் 490 டாலர் பிடித்தார்கள், அதுதான் இன்சூரன்ஸ் விலை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கவரில் இருந்த எண் 2,140. சம்பளம் நின்ற மாசம் பார்த்து விலை நாலு மடங்கு.

கணக்குப்பிள்ளை:
அறுபதுநாள், வேலை கிடைத்துவிட்டது என்று நம்புகிறேன். பின்னால் படிக்கிறவர்களுக்காக இரண்டு விஷயம்.

கோப்ரா வேண்டுமா என்று சொல்ல 60 நாள் உண்டு, சொன்ன பிறகு முதல் பணம் கட்ட இன்னும் 45 நாள். வேண்டும் என்றால் காப்பீடு நின்ற நாளிலிருந்தே பின்தேதியிட்டுச் செல்லும். அதனால் ஒன்றும் ஆகவில்லை என்றால் கட்டாமல் விடலாம், ஏதாவது ஆகிவிட்டால் கெடுவுக்குள் கட்டலாம். நடுவில் வாங்கிய மருந்து ரசீதையும் அப்போது கொடுத்துப் பணம் கேட்கலாம். குறுக்கு வழி மாதிரித் தெரியும், சட்டப்படியே சரி.

இரண்டாவது, வேலையோடு காப்பீடு போனால் அரசு சந்தையில், அதாவது ஒபாமா கேர் பிளான் விற்கிற இடத்தில், பிளான் எடுக்கவும் தனியாக 60 நாள். எச்1பி இருப்பவர்களும், அவர்கள் குடும்பத்துக்கான எச்4 விசாவில் இருப்பவர்களும் எடுக்கலாம், பல பேருக்கு இது தெரியாது. கோப்ராவை எடுத்துக் கொஞ்ச நாள் கட்டிவிட்டு, அந்த 60 நாள் கழிந்தபிறகு கட்டுப்படியாகவில்லை என்று நீங்களாக நிறுத்தினால் சந்தையின் கதவு திறக்காது, நவம்பர் சேர்க்கை வரைக்கும் காத்திருக்கவேண்டும். இங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள்.

அறுபதுநாள்:
மே மாசம் கிடைத்தது. இன்சூரன்ஸ் மட்டும் ஆகஸ்டில். புதுக் கம்பெனி 90 நாள் வரைக்கும் காக்க வைக்கலாமாம், அதுவும் சட்டம்தான்.

அரைநாள்வேலை:
கணக்குப்பிள்ளை அண்ணா, அப்படியென்றால் மாஸ்டர் ஏன் சந்தையில் எடுக்கவில்லை? கறார் அண்ணா கேட்டதும் அதுதானே. எனக்குச் சந்தையில் 2025-இல் அரசு மானியத்தோடு மாசம் 40 டாலருக்குள் பிளான் கிடைத்தது, ஆனால் 2026-க்கு நினைத்துப் பார்க்க முடியாத தொகை காட்டுகிறது.

கணக்குப்பிள்ளை:
2021-இல் கொண்டுவந்த கூடுதல் மானியம் 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது. அந்த வருஷக் கடைசியில் செலவு மசோதா நிறைவேறாமல் மத்திய அரசாங்கம் 43 நாள் மூடிக் கிடந்ததே, சண்டையே அதைப் பற்றித்தான். அடிப்படை மானியம் இருக்கும், ஆனால் முன்பு போல இருக்காது. டெக்சாஸ் என்பதால் வேறொரு குழியும் உண்டு, பொறுமையாகப் படியுங்கள்.

2010 சட்டம், அதாவது ஒபாமா கேர், எழுதியவர்களின் திட்டம்: வறுமைக்கோட்டில் 138 சதவீதம் வரை வருமானம் இருந்தால் மெடிகெய்டு, அதற்கு மேலே சந்தையும் மானியமும். 2012-இல் உச்ச நீதிமன்றம், மெடிகெய்டை விரிக்கச் சொல்லி மாநிலத்தைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. டெக்சாஸ், ஃப்ளோரிடா உட்படப் பத்து மாநிலம் இன்னும் விரிக்கவில்லை. மானியம் வறுமைக்கோட்டில் ஆரம்பிக்கிறது, அதற்குக் கீழே இருப்பவரை மெடிகெய்டு பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து எழுதிய சட்டம் அது. டெக்சாஸில் பிள்ளை குட்டி இல்லாத, உடல் ஊனம் இல்லாத ஆள் எவ்வளவு ஏழையானாலும் மெடிகெய்டு கிடையாது. ஆக வருஷம் 16,000 டாலர் காட்டுகிறவருக்கு மானியம் உண்டு, 14,000 காட்டுகிறவருக்கு எதுவும் இல்லை. இந்தக் கணக்கில் ஒரு ஆளுக்கு 2025 வறுமைக்கோடு 15,650.

ஆவணம் இல்லாதவர்கள் கதை இன்னும் சுருக்கம். முழுக் காசு கொடுக்கிறேன் என்றாலும் சந்தையில் வாங்க முடியாது.

பழையபேப்பர்:
மெடிகெய்டு விரித்த மாநிலத்திலும் இனிமேல் வேலைக் கணக்குக் காட்டவேண்டும். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி 2027 ஜனவரிக்குள் இந்த விதி வரவேண்டும்: மாசம் 80 மணி நேர வேலையோ படிப்போ சமூக சேவையோ காட்டவேண்டும், விலக்குகள் போக. ஆர்கன்சாஸில் 2018-இல் இதைச் செய்து பார்த்தார்கள். சில மாசத்தில் 18,000-க்கு மேல் ஆட்கள் காப்பீட்டை இழந்தார்கள், மறு வருஷம் நீதிமன்றம் நிறுத்தியது. நிறையப் பேர் வேலையில் இருந்தவர்கள்தான், கணக்குக் கொடுக்கிற இடத்தில்தான் தவறினார்கள். அந்த இணையதளத்தை ராத்திரி 9 மணியிலிருந்து காலை 7 மணி வரை மூடி வைத்திருந்தார்கள். பகலெல்லாம் வேலை பார்க்கிறவன் ராத்திரி வந்து "நான் வேலை பார்க்கிறேன்" என்று சொல்லப் போனால் கடை சாத்தியிருக்கிறது.

கறார்பேர்வழி:
இணையதளத்துக்கு ராத்திரி பூட்டா? இது நிஜமா?

பழையபேப்பர்:
நிஜம்.

கறார்பேர்வழி:
சரி. அது அநியாயம்தான். ஆனால் வேலை செய்யக் கேட்பது தப்பில்லை என்பதில் நான் மாறவில்லை, கேட்கிற விதம்தான் தப்பு. குருவி, மாஸ்டர் விஷயம் என்ன ஆச்சு?

டல்லாஸ்குருவி:
நேற்று ராத்திரி ஓட்டல் மூடினபிறகு பின்வாசலில் நின்று பேசினேன். கொப்புளம் ஆறி வருகிறது, தோல் உரிந்து ரோஜா நிறத்தில் இருக்கிறது. ஓட்டல்காரர் அந்த இழப்பீட்டுக் காப்பீடு எடுக்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே மாஸ்டருக்குத் தெரியாது.

அண்ணன் மூலமாக வந்த கிரீன் கார்டு, மூணு வருஷம் ஆகிறது. அதனால் சந்தையில் எடுக்கலாம், சேர்க்கைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். வருமானம் எவ்வளவு என்று கேட்டதும் தயங்கினார். பாதிச் சம்பளம் செக்கில், பாதி கையில். செக்கை மட்டும் கூட்டினால் வருஷம் 13,500. கையில் வாங்குவதையும் சேர்த்தால் 27,000. கணக்குப்பிள்ளை சொன்ன குழிக்குள் அச்சு அசலாக உட்கார்ந்திருக்கிறார். உண்மை வருமானத்தைக் காட்டினால் மானியம் உண்டு, வரியும் உண்டு. காட்டாவிட்டால் இரண்டும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
காட்டத்தான் வேண்டும், அது சட்டம், அவருக்கு நல்லதும்கூட. முதலாளி சம்பளச் சீட்டுத் தராவிட்டாலும் அவரே வரிக் கணக்கில் எழுதலாம். இனிமேல் வாங்குகிற காசைத் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

மளிகைக்கடை:
முதலாளிக்குத் தெரிந்தால் மாஸ்டரை மாற்றிவிடுவார், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நான் முதலாளி, எனக்குத் தெரியும்.

டல்லாஸ்குருவி:
அதைத்தான் மாஸ்டரும் முதலில் கேட்டார், படிவத்தில் முதலாளி கையெழுத்து வேண்டுமா என்று. வேண்டாம் என்றதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. நோட்டு ஏற்கெனவே வைத்திருக்கிறாராம், ஊருக்கு அனுப்புகிற கணக்குக்காக, முதல் மாசத்திலிருந்தே எழுதியது. முந்தின வருஷத்து வரிக் கணக்கைத் திருத்தலாமா என்று வரிக்காரரிடம் தனியாகக் கேட்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் அறைக்கு லேப்டாப் எடுத்துக்கொண்டு போகிறேன். பாத்திரம் கழுவுகிற பையன் ஒருத்தனையும் கூப்பிட்டு உட்கார வைக்கட்டுமா என்றார், சரி என்றேன். அவனுக்கு என்ன விசா என்று நான் இன்னும் கேட்கவில்லை.